பன்னிரண்டு பென்சில்களில் எத்தனை நிறங்கள்?

தொடக்க வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லாமல் வண்ணப் பென்சில்களை வழங்குகிறது. பெட்டியைப் பிரித்ததும் வகுப்பறையில் எழும் மகிழ்ச்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பென்சிலை எப்படிப் பயன்படுத்துவது என்று நாம் சொல்லித் தருவது மிகக் குறைவு. "கோட்டுக்கு வெளியே போகாமல் அடி", "அழுத்தி அடி" என்ற இரண்டு கட்டளைகளோடு நம் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் அழுத்தி அடிக்கிறார்கள். முனை உடைகிறது. தாள் பளபளக்கிறது. இடையிடையே வெள்ளைப் புள்ளிகள் மட்டும் போக மறுக்கின்றன.

நீலகிரி மாவட்டம் நடுவட்டத்தில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என் பிள்ளைகளோடு வண்ணப் பென்சில் நிறங்களை ஒன்றோடொன்று இழைக்கும் முறைகளைச் செய்து பார்த்து வருகிறேன். தாளைச் சுருட்டிச் செய்த குச்சியால் தேய்ப்பது ஒரு முறை. மெழுகைக் கரைக்கும் எண்ணெயைத் துளி தொட்டு இழைப்பது இன்னொரு முறை. இதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. மூன்று பாடவேளை போதும். இதை ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் எந்த ஆசிரியரும் நடத்தலாம். அந்த நோக்கத்தில்தான் படிப்படியாக எழுதுகிறேன். எதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பாடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

பென்சிலுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரணப் பென்சிலின் உள்ளீடு கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுடப்படுவது. வண்ணப் பென்சிலின் உள்ளீட்டைச் சுடுவதில்லை. சுட்டால் நிறமும் மெழுகும் கெட்டுவிடும். அதில் நிறமித் தூள் இருக்கிறது. தூளைப் பிடித்து வைக்க மெழுகு, அல்லது மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவை இருக்கிறது. உடலாக வெண்களிமண், டால்க் போன்ற வெள்ளைத் தூள்கள் இருக்கின்றன. விலை குறைந்த பென்சிலில் நிறமி குறைவு, வெள்ளைத் தூள் அதிகம். நாம் எவ்வளவு அழுத்தினாலும் நிறம் வெளிறியே விழுவதற்கு இதுதான் காரணம்; பிள்ளையின் கையில் குறை இல்லை.

அடுத்து தாள். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தாள், கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பென்சில் போகும்போது மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டுகிறது. பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எங்கள் ஊரில் எனக்கு உவமை தேட வேண்டியதில்லை. சன்னலைக் காட்டி, "காலை வெயில் முதலில் எங்கே விழுகிறது?" என்று கேட்டால், "மலை உச்சியிலே சார், பள்ளத்துக்கு அப்புறம்தான் வரும்" என்கிறார்கள். தாளிலும் அதேதான். நிறத்தைப் பள்ளத்துக்குள் கொண்டுபோவதைத்தான் இழைத்தல் என்கிறோம்.

மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு இன்னொரு செய்தி. மெழுகு குளிரில் இறுகும். டிசம்பர், சனவரி காலைகளில் பென்சில் கீறலாக மட்டுமே விழும். முனையும் சட்டென்று முறியும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்து இரண்டு நிமிடம் உருட்டச் சொல்லுங்கள். நிறம் இளகி விழும் வேறுபாடு பிள்ளைகளுக்கே தெரியும். ஆனி, ஆடி மழையில் தாள் நமுத்துவிடும். நமுத்த தாளில் தேய்த்தால் மேல்பரப்பு உரிந்து வரும். வரையும் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு அலமாரியில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

தாள்குச்சி செய்வோம்

கடைகளில் ஓவியர்களுக்கென்று விற்கும் இழைப்புக் குச்சி, இறுகச் சுருட்டிய தாள்தான். அதை வகுப்பிலேயே செய்யலாம். காகித மணி கோத்த அனுபவம் உள்ள ஆசிரியர்களுக்கு முறை உடனே பிடிபடும்.

ஓர் ஏ4 தாளின் குறுகிய ஓரத்தில் 12 செ.மீ. அகலம் குறித்துக்கொள்ளுங்கள். அதை அடிப்பக்கமாக வைத்து, தாளின் முழு நீளத்துக்கும் ஒரு நீண்ட முக்கோணம் வெட்டுங்கள். இரு பக்கமும் சமமாகச் சரிய வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி, முக்கோணத்தின் நுனியை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். முதல் இரண்டு சுற்றுகள் இறுக்கமாக அமைந்தால் மற்றவை தானாக அமையும். நுனியில் பசை தொட்டு ஒட்டுங்கள். நடுவில் பருத்து இரு முனையும் சரிந்த, ஏறக்குறைய பென்சில் கனமுள்ள குச்சி கிடைக்கும். உலர்ந்தபின் முனைகளை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் கூர்மையாகவும் மிருதுவாகவும் ஆகும். அழுக்கானாலும் அதே உப்புத்தாளில் தேய்த்துச் சுத்தம் செய்யலாம்.

எழுதாத தாளாக இருக்கட்டும். பழைய விடைத்தாளில் செய்தால், பின்னால் எண்ணெய் படும்போது பேனா மை கசிந்து படத்தைக் கெடுக்கக்கூடும். வழவழப்பான அட்டைத்தாளும் உதவாது. நிறத்தை உறிஞ்சிப் பிடிக்கும் சொரசொரப்பு வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று குச்சிகள் போதும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக்கு ஒன்று. பச்சை, நீலம், ஊதாவுக்கு ஒன்று. பழுப்பு, கறுப்புக்கு ஒன்று. நடுப்பகுதியில் பென்சிலால் அடையாளம் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நீலத்தில் தேய்த்த குச்சியை மஞ்சளில் வைத்தால் மஞ்சள் பச்சையாகிவிடும் என்பதை ஒரு முறை எல்லோருக்கும் காட்டிவிடுவது நல்லது.

கணித ஆசிரியர்கள் இதை இருசமபக்க முக்கோணப் பாடத்தோடு இணைக்கலாம். அடிப்பக்கத்தைக் குறைத்தால் குச்சி எப்படி மாறும், நீளத்தைக் கூட்டினால் எப்படி மாறும் என்று பிள்ளைகளைச் செய்துபார்க்கச் சொன்னால், நீளத்தைக் கூட்டினால் குச்சி பருக்கிறது, அடிப்பக்கத்தைக் குறைத்தால் குட்டையாகிறது என்று அவர்களே கண்டுசொல்வார்கள்.

முதல் பாடவேளை: ஐந்து கட்டச் சோதனை

படம் வரைவதற்கு முன் ஒரு சோதனை. தாளில் தீப்பெட்டி அளவில் ஐந்து கட்டங்கள் போடச் சொல்லுங்கள். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பென்சில், நீலம் வைத்துக்கொள்ளலாம்.

முதல் கட்டத்தில் ஒரே திசையில் ஒரு முறை மென்மையாக அடிக்க வேண்டும். இரண்டாவதில் மென்மையாகவே மூன்று அடுக்கு. ஒன்று கிடையாக, ஒன்று நெடுக்காக, ஒன்று சிறு வட்டங்களாக. மூன்றாவதில் இரண்டு அடுக்கு நீலம் அடித்து, அதன்மேல் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நான்காவதில் இரண்டு அடுக்கு நீலத்தின்மேல் உலர்ந்த தாள்குச்சியால் தேய்க்க வேண்டும். ஐந்தாவதிலும் அதே இரண்டு அடுக்கு. ஆனால் குச்சியின் முனையில் கடுகளவு வாசலின் தொட்டு, வேறொரு தாளில் ஒரு முறை துடைத்துவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும்.

இப்போது பேசாமல் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் சொல்வது இவைதான்: இரண்டாவது கட்டத்தில் வெள்ளைப் புள்ளி குறைந்திருக்கிறது. மூன்றாவது வழவழப்பாக இருக்கிறது, ஆனால் வெளிறிவிட்டது. நான்காவதில் பெரிய மாற்றம் இல்லை. ஐந்தாவது பெயின்ட் அடித்தது போல இருக்கிறது.

நான்காவது கட்டத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இதே தாள்குச்சியால் சாதாரணப் பென்சில் கோட்டைத் தேய்த்தால் அழகாகப் பரவுகிறதே, இங்கே ஏன் பரவவில்லை என்று கேளுங்கள். கிராஃபைட் துகள் தாளின்மேல் சும்மா கிடக்கிறது. குச்சி பட்டதும் நகர்கிறது. வண்ணப் பென்சிலின் துகளை மெழுகு பிடித்து வைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால்தான் நகரும். எண்ணெய்ப் பசை பட்டால் மெழுகு இளகுகிறது, நிறம் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. "அப்படியென்றால் தண்ணீர் தொட்டால்?" என்று எப்போதும் ஒரு குரல் வரும். செய்துபார்க்கச் சொல்லுங்கள். நீர்த்துளி மெழுகுநிறத்தின்மேல் உருண்டு நிற்கும். ஒத்த தன்மை உள்ளதை ஒத்ததுதான் கரைக்கும் என்ற அறிவியல் உண்மையை இதைவிட எளிதாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. நீரில் கரையும் வகை வண்ணப் பென்சில்களும் கடையில் உண்டு. அவற்றின் பிடிபொருள் வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

எதைக் கொண்டு கரைப்பது?

ஓவியர்கள் வண்ணப் பென்சிலைக் கரைக்க டர்பென்டைன், மினரல் ஸ்பிரிட் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றால் விளைவு சிறப்பாக வரும். நிறம் கரைந்து இறங்கியதும் திரவம் ஆவியாகிவிடும். தாளில் எண்ணெய்க் கறை இருக்காது. உலர்ந்தபின் மேலே மீண்டும் பென்சிலால் வரையலாம். ஆனால் இவை எளிதில் தீப்பற்றும். ஆவியை மூச்சில் இழுத்தால் தலைவலியும் மயக்கமும் வரும். தோலில் எரிச்சல் உண்டாகும். விழுங்கினால் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் ஊர் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழையிலும் குளிரிலும் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் வகுப்பு நடத்துகிறோம். நாற்பது பேர் இருக்கும் மூடிய அறையில் இந்த ஆவி எங்கும் போகாது. வகுப்பில் வீசிங் உள்ள பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

நீலகிரியில் பணியாற்றுவோருக்கு யூகலிப்டஸ் தைலம் நினைவுக்கு வரும். 1843இல் இந்த மலைக்கு வந்த மரம் அது. எங்கள் பகுதியில் கற்பூர மரம் என்பார்கள். இலையைக் காய்ச்சி எடுக்கும் தைலம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது மெழுகை நன்றாகவே கரைக்கும். ஆனால் "இயற்கைப் பொருள்தானே" என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது. சிறு பிள்ளைகள் சில மில்லி விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரக்கூடிய பொருள் அது, தீயும் பற்றும். மருந்தாகத் தெரிந்த பொருள் என்பதாலேயே பிள்ளைகள் அச்சமின்றிக் கையாளுவார்கள். ஆகவே கூடுதல் கவனம் வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட் தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றை எந்த வகுப்பிலும் பயன்படுத்த வேண்டாம். கைச்சுத்திகரிப்பானும் தீப்பற்றுவது, அது மெழுகைச் சரியாகக் கரைப்பதும் இல்லை.

நான் பின்பற்றும் வரையறை இது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கரைக்கும் பொருள் எதுவும் வேண்டாம். மென்மையான அடுக்குகளும் வெள்ளைப் பென்சிலும் தாள்குச்சியுமே போதும்.

ஆறு முதல் எட்டு வரை வாசலின், அல்லது பேபி ஆயில் ஒரு துளி. அதையும் ஆசிரியரே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மூடியில் வைத்துக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயும் பயன்படும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் எங்கள் ஊரில் பெரும்பாலும் கட்டியாகவே இருக்கிறது; குச்சியால் தொட்டெடுக்க அதுவே வசதி. ஆனால் நாளடைவில் சிக்கு வாடை வரும். பாதுகாத்து வைக்கவேண்டிய படத்துக்கு வேண்டாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் டர்பென்டைனின் விளைவைக் காட்ட விரும்பினால் ஆசிரியர் தாமே வெளித்திண்ணையில், காற்றோட்டத்தில், அரைத் தேக்கரண்டி அளவை மட்டும் மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் ஊற்றிச் செய்துகாட்டலாம். குடிநீர்ப் புட்டியிலோ டம்ளரிலோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. சீசாவில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். துடைத்த தாளையும் குச்சியையும் வகுப்புக் குப்பைக்கூடையில் போடாமல், வெளியே உலரவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். அருகில் அடுப்போ தீக்குச்சியோ இருக்கக் கூடாது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது.

எண்ணெய்ப் பொருள்களில் ஒரு குறை உண்டு. அவை ஆவியாவதில்லை. கூடினால் தாளின் பின்பக்கம் வரை ஊறிக் கண்ணாடி போலத் தெரியும். மேலே பென்சில் வழுக்கும். எனவேதான் கடுகளவு என்று சொன்னேன். இழைத்து முடித்தபின் வீணான தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகம் அடுக்கி ஓர் இரவு விட்டால் மிகுதி எண்ணெய் உறிஞ்சப்படும். மறுநாள் மேல் அடுக்கு வரையலாம். கோடு போட்ட நோட்டுத்தாள் இதற்குத் தாங்காது. சற்றுக் கனமான ஓவியத்தாள் வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: மூடுபனியை வரைதல்

பெட்டியில் இருக்கும் பச்சை இரண்டு. சன்னலுக்கு வெளியே இருக்கும் பச்சை எத்தனை? இந்தக் கேள்வியோடு தொடங்குவேன். தேயிலைச் செடியின் கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை. முதிர்ந்த இலை கரும்பச்சை. கவாத்து வெட்டிய செடி பழுப்பு. நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை சாம்பல் பூத்த பச்சை. சோலைக்காடு ஏறக்குறைய கருநீலம்.

கொழுந்துக்கு முதலில் மஞ்சள், அதன்மேல் மென்மையாக இளம்பச்சை. முதிர்ந்த இலைக்கு இளம்பச்சை, அதன்மேல் கரும்பச்சை, நிழலுக்கு அதன்மேல் சிவப்பு. "பச்சைமேல் சிவப்பா?" என்று பிள்ளைகள் தயங்குவார்கள். ஓரத்தில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். எதிர்நிறம் சேரும்போது பச்சை உயிரோடு இருண்டுபோகும். கறுப்பு அடித்தால் வரும் அழுக்குத்தன்மை வராது. நிழலென்றால் கறுப்பு என்ற பழக்கத்தை மாற்ற இது ஒன்றே போதும். எப்போதும் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பிறகு.

மூடுபனிக்குப் பென்சிலே வேண்டாம். முன்னால் இருக்கும் சரிவை நீலமும் பச்சையும் கொண்டு வரைந்து குச்சியால் இழைத்து முடித்ததும் குச்சியின் முனையில் நிறம் ஏறியிருக்கும். அந்தக் குச்சியாலேயே பின்னால் உள்ள மலைத்தொடரை வரையச் சொல்லுங்கள். புதிய நிறம் தொடக் கூடாது. முதல் தொடர் சற்று அழுத்தமாக விழும், அடுத்தது வெளிறும், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கும். இடையில் தாளின் வெண்மையை அப்படியே விட்டால் அதுதான் பனி. தூரம் கூடக்கூட நிறம் வெளிறி நீலமாவது ஏன் என்பதை அறிவியல் ஆசிரியர் ஒளிச்சிதறல் பாடத்தில் தொடரலாம். இந்த மலைக்கு நீலமலை என்ற பெயர் பொருந்துவதை அன்று பிள்ளைகள் தாளிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

சமவெளியில் உள்ள ஆசிரியர்கள் இதையே ஏரிக்கரைப் பனைவரிசைக்கோ கடலோரத் தோப்புக்கோ பயன்படுத்தலாம். முறை ஒன்றுதான்.

மூன்றாம் பாடவேளை: 'ஸ்கின் கலர்' எங்கே இருக்கிறது?

நான் இந்த முறைகளை விடாமல் கற்பிப்பதற்கு உண்மையான காரணம் இந்தப் பாடவேளைதான்.

வண்ணப் பென்சில் பெட்டிகளில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வெளிர்நிறம் ஒன்று வருகிறது. பிள்ளைகள் அதை 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். முகம் வரைந்தால், "ஸ்கின் கலர் குடுடா" என்ற குரல் எந்த வகுப்பிலும் கேட்கும். அமெரிக்காவில் கிரையோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்றுவந்த கிரையானின் பெயரை 1962இல் 'பீச்' என்று மாற்றியது. நம் வகுப்பறைகளில் அந்தப் பழைய பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது.

எங்கள் பகுதிப் பள்ளிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டான்டீ தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. படுகர் பிள்ளைகள், பழங்குடிப் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் பேசும் பிள்ளைகளும் உண்டு. ஒருவர் தோல்நிறம் போல இன்னொருவருக்கு இல்லை. அந்தப் பென்சிலின் நிறமோ இவர்களில் எவருக்கும் இல்லை. ஆனாலும் எல்லோரும் தம்மை அந்த நிறத்தில்தான் வரைகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி, கொழுந்து பறிக்கும் தன் அம்மாவை வரைந்திருந்தாள். கூடை, தலையில் கட்டிய துணி, இடுப்பில் சுற்றிய படுதா எல்லாம் அப்படியே இருந்தன. முகமும் கையும் மட்டும் அந்த வெளிர்நிறம். "அம்மா இந்த நிறமா இருப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், ஆனா இதுதானே ஸ்கின் கலர்" என்றாள். "நாளைக்குக் காலையில அம்மா கையை நல்லாப் பார்த்துட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவள் சொன்ன பதில் இது: "மேல்கை ஒரு நிறம், உள்ளங்கை வேற நிறம் சார். விரல் நுனி மட்டும் கறுத்துப் போயிருக்கு. கழுவினாலும் போகாதாம், கொழுந்துச் சாறாம்." தேயிலைச் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும்; பறிப்பவர்களின் விரல்களில் அது ஏறிவிடுகிறது. அன்றாடம் பார்க்கும் கையை அவள் முதல்முறை நிறமாகப் பார்த்திருக்கிறாள்.

அன்று வகுப்பு முழுவதும் கை வரைந்தோம். முறை இதுதான். ஒவ்வொருவரும் இடக்கையைத் தாளில் வைத்து வெளிக்கோடு வரைய வேண்டும். முழுவதும் மஞ்சளால் மிக மென்மையாக ஓர் அடுக்கு. அதன்மேல் ஆரஞ்சு. அதன்மேல் பழுப்பு. எத்தனை அடுக்கு என்பதைக் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கருமை கூட வேண்டுமானால் பழுப்பின்மேல் நீலம். செம்மை வேண்டுமானால் சிவப்பு. மூட்டு மடிப்புகளில் பழுப்பும் ஊதாவும். ஒளி படும் இடத்தில் அடுக்குகளைக் குறைத்துவிட வேண்டும். கறுப்புப் பென்சிலும் அந்த வெளிர்நிறப் பென்சிலும் பெட்டியிலேயே இருக்கட்டும். கடைசியில் கடுகளவு வாசலின் தொட்ட குச்சியால், ஒளிப்பகுதியிலிருந்து நிழல்பகுதியை நோக்கி இழைக்க வேண்டும். மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்பும் தனித்தனியே தெரிவது அந்த நொடியில் நின்று, தோல் தெரியத் தொடங்கும்.

அந்த மாணவி விரல் நுனிகளுக்குப் பழுப்பின்மேல் கரும்பச்சை அடித்தாள். நான் சொல்லித்தரவில்லை. "கொழுந்துச் சாறுதானே சார், அதான் பச்சை" என்றாள்.

இந்தப் பாடவேளையில் ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. பிள்ளைகளை நிற வரிசையில் நிறுத்தக் கூடாது. யார் கறுப்பு, யார் வெள்ளை என்ற ஒப்பீடு வந்தால், "உன் கைக்கு எத்தனை பென்சில் சேர்த்தாய்?" என்று பேச்சைப் பென்சிலுக்குத் திருப்புங்கள். கேலி எழுந்தால் கடந்துபோகாமல் அங்கேயே பேசுங்கள். ஆசிரியரும் தம் கையை வரைந்து கரும்பலகைக்கு அருகில் முதலில் ஒட்டிவிடுவது நல்லது. எல்லாக் கைகளையும் பெயரின்றி ஒட்டி, எந்தக் கைக்கும் ஒரே பென்சில் போதவில்லை என்பதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். அன்று முதல் வகுப்பில் அந்தப் பென்சிலுக்கு 'பீச்' என்றோ 'வெளிர் ஆரஞ்சு' என்றோ பெயர் வைத்துவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. 48 நிறப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கும் 12 நிறப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கும் இடையே வகுப்பில் ஒரு மௌனமான ஏற்றத்தாழ்வு இருக்கும். பன்னிரண்டில் இரண்டிரண்டாகச் சேர்த்தாலே 66 இணைகள் கிடைக்கும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். எது மேலே, எது கீழே என்று மாறினால் நிறமும் மாறும் என்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும். அதன்பிறகு பெரிய பெட்டியைப் பார்த்து ஏங்கும் பேச்சு எங்கள் வகுப்பில் குறைந்துவிட்டது.

மற்றப் பாடங்களோடு

உயர்நிலை வகுப்புகளில் தாவரவியல் படங்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட் வைட், நீலகிரித் தாவரங்களைப் பற்றிய வண்ணப்படத் தொகுதியை 1840களில் வெளியிடத் தொடங்கினார். அவருக்காகத் தாவரங்களைப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். இதழின் மடிப்பு, இலை நரம்பு, விதையின் வெட்டுத்தோற்றம் எல்லாம் அவர்கள் கையால் பதிவானவை. கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று வைட் பெயரிட்டார். அவர்கள் வரைந்த மூலப்படங்கள் எடின்பரோவிலும் கியூவிலும் உள்ள தாவரவியல் நிறுவனங்களில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவர்கள் பயன்படுத்தியது நீர்வண்ணம். நாம் பயன்படுத்துவது பென்சில். உற்றுப் பார்ப்பது இரண்டுக்கும் பொது. பள்ளி வளாகத்து இலை ஒன்றை எடுத்து, அதன் உண்மையான அளவில், உண்மையான நிறத்தில் வரைந்து, எந்தெந்தப் பென்சில்கள் சேர்ந்தன என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அது ஓவியமும் ஆகும், அறிவியல் பதிவும் ஆகும்.

தமிழ்ப் பாடத்தில் நிறச்சொற்களைத் திரட்டலாம். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து நிறம், அரக்கு, மாந்தளிர், செங்கல் நிறம், மாநிறம். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பென்சில்களைச் சேர்ப்பது என்று கண்டுபிடித்து நிற அகராதி ஒன்று தயாரிக்கலாம். மாந்தளிர் நிறத்தைப் பார்க்காத பிள்ளைக்கு அந்தச் சொல்லின் அழகு விளங்காது.

எப்படி மதிப்பிடுவது?

படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக வரையும் நான்கு பேருக்கே மதிப்பெண் போகும். நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். சோதனைக் கட்டங்களில் கண்டதைச் சொந்தச் சொற்களில் சொல்கிறாரா? ஒரு நிறத்துக்கு இரண்டுக்கு மேற்பட்ட பென்சில்களைச் சேர்த்திருக்கிறாரா? பொருளைப் பார்த்து நிறத்தை முடிவு செய்தாரா, பழக்கத்தால் செய்தாரா? குச்சியையும் எண்ணெயையும் சொன்னபடி கையாண்டு திருப்பிக் கொடுத்தாரா? கடைசிக் கேள்விக்கு மற்றவற்றுக்கு இணையான மதிப்பெண் தருகிறேன். பாதுகாப்பாக வேலை செய்வதும் கற்க வேண்டிய திறன்தான்.

பார்வைக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் நிறக்குருடு உள்ள பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். சிவப்பையும் பச்சையையும் ஒருவர் தொடர்ந்து மாற்றி எடுத்தால் கண்டிக்காமல், பென்சிலின் மேல் நிறப்பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள். பெற்றோரிடம் கண் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். கைவிரல்களில் வலு குறைந்த பிள்ளைகளுக்குக் குச்சியின் நடுவில் துணி சுற்றிக் கனமாக்கினால் பிடிக்க எளிது.

நாளைய வகுப்புக்குத் தேவையானவை ஒரு பெட்டி வண்ணப் பென்சில், சில ஏ4 தாள், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு சிறு டப்பா வாசலின். முதல் நாள் ஐந்து கட்டச் சோதனையை மட்டும் செய்துபாருங்கள். கலைத் திருவிழாவுக்குப் படம் தயாரிப்பதற்கு முன்பே, ஆண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட்டால், பிள்ளைகள் அந்த ஆண்டு முழுவதும் எல்லாப் பாடத்திலும் இதைப் பயன்படுத்துவார்கள். மூன்றாவது பாடவேளையைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை தன் கையையும் தன் அம்மாவின் கையையும் உள்ளபடி வரையக் கற்றுக்கொள்வது, வழவழப்பாக நிறம் இழைக்கக் கற்றுக்கொள்வதைவிடப் பெரிது. அதற்கும் அந்தப் பன்னிரண்டு பென்சில்களே போதும்.